ஆற்றருகே நின்றுவிடும் லாரி

லகாட் ஊர்ப் பட்டறையில், பழைய இராணுவ லாரியின் அடைத்துப்போன பெட்ரோல் பம்பை மெக்கானிக் மணியம் அண்ணன் கழற்றினார். துருவும் பெட்ரோலும் கலந்த வாடை வந்ததும் நான் நினைவில் ரப்பர் தோட்டத்து ஆற்றோரத்தில் இருந்தேன்.

அப்பா ஓட்டியதும் இப்படியொரு லாரிதான். பால்மரம் சீவித் திரும்பும் பெண்களையும் பள்ளி விட்ட என்னையும் ஏற்றிவரும் அது, தினமும் ஆற்றருகே நின்றுவிடும். அப்பா பொனட்டைத் திறந்துவைத்து, "பம்பு அடைச்சிருச்சி" என்பார். பெண்கள் இறங்கி ஒட்டுப்பால் நாற்றம் போகக் கைகால் கழுவுவார்கள். நீரில் மரநிழல் ஆடும். அம்மா ஈரக் கையால் என் கன்னத்தைத் தொடுவாள். கடைசிப் பெண் ஏறியதும் லாரி கிளம்பிவிடும். வேலை தெரியாத டிரைவர் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஏசுவார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இதைச் சொன்னதும் மணியம் அண்ணன் சிரித்தார். "கழட்டாம அடைப்பு எப்படிம்மா போவும்? பெட்ரோல் பைப்ப அவரே மூடித் தொறந்திருப்பாரு. ஒங்கப்பாவுக்கு வேல தெரியும் லா."