தோளில் ஒரு கை

என் கண் கெட்டுப்போன செய்தியை எனக்குச் சொன்னது என் கண் அல்ல, ஒரு வாடிக்கையாளர். போட்டோக்காரிக்கு இதைவிட மானக்கேடு உண்டா, தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரியில் அப்பா விட்டுப்போன ஸ்டுடியோவை நான் நடத்திக்கொண்டிருந்தேன். கம்பைநல்லூர்ப் பக்கம் புளி தட்டும் கூலிக்காரிகள் காளியம்மாவும் பொன்னியும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள வந்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் பல வருஷமாக வாழ்கிறவர்கள். படத்தை வாங்கிப் பார்த்த பொன்னி சொன்னாள்:

"ஏங்க்கா, ரெண்டு பேரு வந்து உக்காந்தோம். ஒருத்தியத்தான் திருப்பிக் குடுக்கறீங்க."

காளியம்மா முழுதாக இருந்தாள். பொன்னி இருந்த பக்கம், காளியம்மாவின் தோள்மேல் ஒரு கை மட்டும் இருந்தது. நான் முதலில் கேமராவைத் திட்டினேன். பிறகு, நகர்ந்துவிட்டாய் என்று பொன்னியையே திட்டினேன்.

கடையின் முன்பாதியில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள் லிங்கம்மா. அவளும் நானும் ஒரே வீடு. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். அவள் தலை தூக்காமல் சொன்னாள்: "அவ எங்க நகந்தா? நீதான் ஒரு மாசமா நெலப்படில இடிச்சிக்கிட்டு நெலப்படியத் திட்டற."

பெண்ணோடு பெண்ணாக வாழ்கிற எங்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுதவில்லை. தாள் பாவம். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப்போலவே சேரிக்காரிகள், கறுப்பிகள். மற்ற ஸ்டுடியோக்களில் பவுடர் அப்பி வெளுக்கவைப்பார்கள். நான் கறுப்பைக் கறுப்பாகவே பிரிண்ட் போடுவேன். அவர்கள் என்னிடம் வர இன்னொரு காரணமும் உண்டு. எங்களில் ஒருத்தி செத்தால் உறவுக்காரர்கள் அந்த ஜோடிப் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போவார்கள். பக்கத்தில் இருப்பவளை அழித்து, செத்தவளை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாலை மாட்டுவார்கள். அழித்துக் கொடுப்பதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். நான் அழிக்கமாட்டேன். நெகடிவ்களை பிஸ்கட் டின்களில் சேர்த்துவைத்தேன். பழைய எட்டு எம்.எம். மூவி கேமரா ஒன்றை வாங்கி, அவர்கள் வீட்டிலேயே சமைப்பதையும் சண்டை போடுவதையும் படமெடுத்தேன். அழிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கண் நன்றாக இருந்தது. சேர்க்கிறவளுக்குக் கெட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்ணுக்குள் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது) என்றார்.

"பக்கப் பார்வை போயிட்டிருக்கும்மா. போனது வராது. மிச்சத்தக் காப்பாத்தலாம்."

"நடுவுல எல்லாம் நல்லாத் தெரியுதுங்களே."

"கடைசி வரைக்கும் அது தெரியும். அதனாலதான் எல்லாரும் லேட்டா வர்றீங்க."

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கொஞ்ச நாளாகக் கதவிலும் ஆளிலும் மோதிக்கொண்டு, கதவையும் ஆளையும் குறை சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் போங்கள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

பைலோகார்பின் (கண்மணியைச் சுருக்கி, நீர் வடிய வழிவிடும் சொட்டு மருந்து) கொடுத்தார்கள். எரியும். வெளிச்சம் குறையும். லென்ஸின் துளையை மிகச் சிறிதாக வைத்து, அப்படியே துருப்பிடிக்க விட்டதுபோல. இருட்டறையில் என் விரல்தான் எனக்குக் கண்.

அழுத்தம் இறங்காததால் ஆபரேஷன் (வெள்ளைவிழியின் ஓரத்தில் நீர் வெளியேறச் சிறு துளை போடுவது) என்றார்கள். "முடிச்சிட்டு வந்து ரெண்டு பேரையும் மறுபடி எடுக்கறேன், மூவியும் எடுக்கறேன்" என்று பொன்னிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன்.

கண்ணில் கட்டோடு நான் படுத்திருந்தபோது காளியம்மா காய்ச்சலில் போய்விட்டாள். கட்டுப் பிரித்த பிறகுதான் லிங்கம்மா சொன்னாள்.

"முன்னயே ஏன்டி சொல்லல?"

"நீ அழுவ. அழுவக் கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க."

ஊர் திரும்பியதும் காளியம்மாவின் அண்ணன் கடைக்கு வந்தார். தங்கை உயிரோடு இருந்தவரை அவள் வாசலை மிதிக்காதவர். அந்தக் கோணல் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அருமையா எடுத்திருக்கறீங்க. பக்கத்துல எவளும் இல்ல. இந்தத் தோள்ல ஒரு கை கெடக்குது பாருங்க, அத மட்டும் அழிச்சிட்டீங்கன்னா காரியத்துக்கு மாட்டிடலாம்."

என் வாழ்க்கையில் என் படத்தை இவ்வளவு மனதாரப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

ஒரு கையை அழிக்கப் பெரிய பார்வை வேண்டியதில்லை. என் நடுப்பார்வையே போதும். "கண் ஆபரேஷனுங்க. நுணுக்க வேலையத் தொடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாங்க" என்றேன். குரலில் கொஞ்சம் நடுக்கமும் சேர்த்தேன்.

"வேற ஸ்டுடியோல குடுத்துப் பாக்கட்டுங்களா?"

"நெகடிவ் இப்ப எங்கிட்ட இல்லீங்க. நாளைக்குக் காரியம்னு சொல்றீங்க, ஆவற வேலையப் பாருங்க."

நெகடிவ் லிங்கம்மாவின் தையல் மிஷின் டிராயரில் இருந்தது. அவள் மிஷினை நிறுத்தவே இல்லை.

அந்தக் கையோடுதான் படத்தைக் கொண்டுபோனார். பொன்னியைக் காரியத்துக்கு உள்ளே விடவில்லை. வாசலிலிருந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"மாலைய என் கை மேலயுஞ் சேத்துப் போட்டிருக்காங்கக்கா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவளைத் தனியாக உட்காரவைத்து மூவி எடுத்தோம். கேமராவை லிங்கம்மா பிடித்தாள்.

காலையும் மாலையும் சொட்டு விடுகிறேன். மிச்சம் இருப்பது இன்னும் இருக்கிறது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை ஒரே சமயத்தில் என்னால் பார்க்க முடிவதில்லை. ஒருத்தியைப் பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பி மற்றவளைப் பார்க்க வேண்டும். அப்படித் திரும்புகிற நேரத்தில் முதலில் பார்த்தவள் அங்கேயே இருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது.