வெஸ்ட்மீட்டில் மொரி ஐயா சாப்பிட்ட சோறு

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரை மணிக்கு மெல்பேர்ணுக்குப் பக்கத்தில் வெரிபீயில் இருந்து வானை எடுத்தேன். பிள்ளைகளே, நான் வாடகை வான் ஓட்டுபவன். பெரும்பாலும் கலியாண வீட்டு ஆட்களை ஏற்றுவேன். இந்த முறை ஏறியவர்கள் ஜப்பான் தொலைக்காட்சிக்காரர் ஆறு பேர். அவர்களை மெல்பேர்ண் நகரத்தில் ஏற்றிச் சிட்னியில் இறக்கவேண்டும். ஏறக்குறைய எண்ணூற்றெண்பது கிலோமீற்றர். இரண்டு நாள் பயணம்.

அவர்கள் எடுப்பது ஒரு சாப்பாட்டு நிகழ்ச்சி. ஜப்பானில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர் ஒருவர் ஊர் ஊராகப் போவார். வழியில் காண்கிறவரிடம், "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பார். அவர் காட்டும் இடத்துக்குப் போய், போடுவதைச் சாப்பிடுவார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் தண்டனை உண்டு. அன்று தங்கும் இடத்துக்கு வானில் ஏறாமல் நடந்தே போகவேண்டும்.

அந்த நடிகரை நான் மொரி ஐயா என்று கூப்பிட்டேன். வயது அறுபதுக்கு மேல். வலது முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். வானில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு எடுத்துத்தான் ஏறுவார். மொழிபெயர்க்க யூமி என்ற பெண் கூட வந்தாள். அவளும் நானும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

ஒன்பதரைக்கு பெனாலா. ஒரு லொறிக்காரர் காட்டிய பேக்கரியில், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்று ஏழரை டொலர். மொரி ஐயா அதை முடித்துவிட்டு, கடதாசி உறையில் கிடந்த துகள்களையும் விரலில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். மத்தியானம் ஹோல்புரூக் என்ற ஊரில் பெரிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று புல்தரையில் நிற்கக் கண்டோம். கடலுக்கும் அந்த ஊருக்கும் பல நூறு கிலோமீற்றர். "இது எப்படி வந்தது?" என்று மொரி ஐயா என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தோம். இரவு கண்டகாயில் தங்கினோம்.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். கோல்பேர்ண் தாண்டியதும் கமெரா என் பக்கம் திரும்பியது.

"சிட்னிக்குப் போனால் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்களாம்?" என்றாள் யூமி.

உண்மையைச் சொன்னேன். "என் தங்கச்சி வீட்டில்."

வானுக்குள் கைதட்டல். வழியில் நிறுத்தி வசந்திக்குப் போன் எடுத்தேன். அவள் சிட்னியில் வெஸ்ட்மீட் என்ற இடத்தில் இருக்கிறாள், வைத்தியசாலையில் தாதிமாருக்கு உதவியாளராக வேலை. அன்று அவளுக்கு லீவு.

"எத்தினை பேர் அண்ணா?"

"என்னோட ஏழு. கமெராவும் வருது."

"கமெராவுக்குச் சோறு வேண்டாம்தானே? வாங்கோ. குசினியை மட்டும் காட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மீன்குழம்பு, மிளகாய்ப் பொரியல். மொரி ஐயா கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தட்டைத் துடைத்ததுபோல் முடித்தார்.

வசந்தி வெறுந்தட்டைக் கண்டாள். இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.

அவர் தலைகுனிந்து நன்றி சொல்லி, அதையும் முடித்தார். அவள் திரும்பவும் போட்டாள்.

ஜப்பானில் போட்டதை மிச்சம் வைக்காமல் உண்பது மரியாதை. எங்கள் வீட்டில் வந்தவரின் தட்டை வெறுமையாய் விடாமல் இருப்பது மரியாதை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் அந்த மனிதரின் முழங்கால். இது அங்கே எனக்கு மட்டும்தான் விளங்கியது. ஆனால் சோறு போடுகிற கையை மறித்தால் தங்கச்சியின் மனம் நோகும் என்று பேசாமல் இருந்தேன். அவர் அதையும் முடித்ததும், தட்டைக் கையால் மூடச் சொல்லி அவருக்குச் சைகை மட்டும் காட்டினேன். அவர் இரண்டு கையாலும் மூடினார்.

"கையை எடுங்கோ ஐயா. ஒரு கரண்டி ஒண்டும் செய்யாது," என்று விரலை விலக்கி நாலாம் முறையும் போட்டாள்.

மொரி ஐயாவின் நெற்றி வியர்த்தது. பாதிவரை போனார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, வசந்தியைப் பார்த்துத் தலைகுனிந்தார். தண்டனை என்று இயக்குநர் விசில் ஊதினார்.

"என்னண்ணா, உறைப்புக் கூடிப்போச்சோ?" என்றாள் வசந்தி.

அப்போதுதான் தண்டனையைச் சொன்னேன். தங்கும் இடம் லிட்கம். பத்துக் கிலோமீற்றர்.

"உங்களுக்கு வாய் இல்லையோ? ஒரு சொல்லுச் சொன்னா நான் நிப்பாட்டியிருப்பன்தானே. என்ர வீட்டில சாப்பிட்டவர் அந்தக் காலோட நடக்கிறதோ?"

இயக்குநரிடமும் கேட்டாள். அவர் இரங்கி, வானில் ஏறச் சொன்னார். மொரி ஐயா மாட்டேன் என்றார். விதி விதிதானாம்.

"அப்ப நானும் வாறன்," என்று வசந்தி சப்பாத்தைப் போட்டு, ஒரு பையையும் தூக்கினாள்.

இரண்டரைக்கு நடை தொடங்கியது. பரமட்டா, கிரான்வில், ஓபர்ன் என்று அவர்கள் நடக்க, நான் வெறும் வானை முன்னே கொண்டுபோய் நிறுத்தி நிறுத்திக் காத்து நின்றேன். கிரான்வில்லில் அவரை பஸ் தரிப்பு வாங்கில் இருத்தி, வசந்தி பட்டியைக் கழற்றித் திருப்பிக் கட்டினாள். "இவ்வளவு நாளும் பிழையாக் கட்டியிருக்கிறார். யூமி, சொல்லும் அவருக்கு." அதன்பிறகு அவர் அவ்வளவு நொண்டாமல் நடந்தார்.

ஐந்தரைக்கு லிட்கம். ஹொட்டேல் வாசலில் வசந்தி பையில் இருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். மிஞ்சிய சோறும் மீன்குழம்பும்.

மொரி ஐயா பெட்டியைப் பார்த்தார். கமெராவைப் பார்த்தார். அப்படியே படியில் இருந்துவிட்டார். யூமியிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"இதையும் இன்றைக்கே முடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்."

"ஐயோ, வேண்டாம். மிச்சம் வைக்கலாம், கொட்டினாலும் நான் கோவிக்கமாட்டன் எண்டு சொல்லும்."

யூமி சொன்னதும் அவர் எழுந்து, கமெரா நின்ற பிறகும் நீண்ட நேரம் தலைகுனிந்து நின்றார்.

வசந்தியை வானில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க ஏச்சு. வீட்டு வாசலில் இறங்கும்போது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெரிபீக்குத் தனியாக ஓடி வந்தேன். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல், பின்னால் எல்லா இருக்கையும் வெறுமை. பிள்ளைகளே, நான் அந்த மேசையில் "போதும் வசந்தி" என்று சொல்லியிருந்தால் அவள் கோபித்திருப்பாள். அவளுடைய கோபம் ஒரு தேத்தண்ணி ஆறும்வரைதான். மொரி ஐயா நடந்தது மூன்று மணி நேரம்.