அண்ணாவுக்காகச் செய்த இழுவை வீடு

வாகனங்களைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. எங்கள் கடற்கரை மணலுக்கு ஓட்டோமற்றிக் சரிவராது. கியர் போட்டு ஓடுகிற டீசல் பிக்கப்தான் வேண்டும். மணலில் இறங்குவதற்கு முன் ரயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ட்ரெயிலரில் பாரம் அச்சுக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். பின்னுக்கு ஏற்றினால் வேகத்தில் வாலாட்டி, இழுக்கிற வாகனத்தையும் கவிழ்த்துவிடும். ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னார் டவுனுக்குப் பழுதான மீன்பிடி வள்ளங்களை இழுத்துப் போவது நெடுங்காலமாக என் தொழில். பொம்பிளை வள்ளம் இழுக்கிறாள் என்று முதலில் நின்று பார்த்தவர்கள், இப்போது ரோட்டுக் கழுதைகளைக் கவனிக்காததுபோல என்னையும் கவனிப்பதில்லை.

அண்ணாவும் நானும் ஒரே ட்ராக்டரில்தான் ஓடப் பழகினோம். ட்ரெயிலர்ப் பெட்டியைக் கொழுவியபடி பின்னோக்கி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. போர்க்காலத்தில் அவர் கனடா போய்விட்டார். அதன்பிறகு எங்களுக்கிடையில் இருந்தது ஞாயிறு பின்னேரத் தொலைபேசிதான். அதிலும் வாகனங்களைத் தவிர வேறு பேச்சில்லை.

அவர் அங்கே ஒரு இழுவை வீடு வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவுகிற வீடு.

“கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ், எல்லாம் இருக்கு,” என்றார்.

“அப்ப வீட்டிலயே இருக்கலாமே. ஏன் அதையும் இழுத்துக்கொண்டு திரியிறியள்?”

“உனக்கு வள்ளம் இழுக்கத்தான் தெரியும், பிள்ளை.”

ஒருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனாலும் அவர் ஊருக்கு வரப்போகிறேன் என்று சொன்னபோது, டவுனில் இரும்பு ஒட்டுவேலை செய்பவரிடம் கொடுத்து நானும் ஒரு சிறிய இழுவை வீடு செய்வித்தேன். இரண்டு கட்டில், ஒரு தண்ணீர்த் தாங்கி, நன்றாகப் பூட்டுகிற கதவு. அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் கட்சி. கரையோரமாக யாழ்ப்பாணம் வரைக்கும் போய்வருவதாகத் திட்டம்.

தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்று ஒரு ஞாயிறு கேட்டேன்.

“பின்னுக்கு வை. அப்பதான் வாகனத்துக்குப் பாரம் தெரியாது.”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம், என்ன ட்ரெயிலர் என்று கேட்டார். அண்ணி தொலைபேசியை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார்.

“மச்சாள், இவருக்கு மறதி வருத்தம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். கார்த் திறப்பை ஒளிச்சு வைச்சிருக்கிறன். உங்களோட கதைக்கேக்க மட்டும்தான் நல்லாயிருந்தவர். அதுதான் சொல்லேல்லை.”

மருத்துவர் பயணம் போக வேண்டாம் என்று சொல்லும் முன் ஊரைக் காட்டிவிட வேண்டுமென்று அண்ணி அவரைக் கூட்டி வந்தார். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் காலை, பிக்கப்பில் கொழுவி முற்றத்தில் நின்ற இழுவை வீட்டைச் சுற்றிவந்து, “நான் றிவேஸ் எடுக்கிறன், விடு,” என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். வெளியில் வெறும் மணல்தரை, இடிபட ஒன்றுமில்லை. நான் திறப்பைக் கொடுத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் ஏறியிருந்தேன்.

அவர் ஸ்டியரிங்கை மாறித் திருப்பினார். ட்ரெயிலர் மடங்கி பிக்கப்பின் பக்கத்தில் இடித்தது. முன்னுக்கு எடுத்து, மறுபடியும் முயன்றார். மறுபடியும் மடங்கியது. நாலாவது தரம் பிறேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“நீ பிழையாய்க் கொழுவியிருக்கிறாய்,” என்று கத்தினார்.

கொழுக்கி சரியாகத்தான் இருந்தது. காலையில் இரண்டு தரம் பார்த்திருந்தேன்.

“ஓம் அண்ணா,” என்றேன். “என்ர பிழைதான்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருட வாக்குவாதத்தில் நான் ஒருநாளும் சொல்லாத சொல் அது. அவருக்கு அது தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் நானே ஓட்டினேன். வெள்ளாங்குளம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது அவர் அழத் தொடங்கினார்.

“வீட்டை போவம். அம்மா தேடுவா.”

அம்மா செத்தபோது அவரால் வர முடியவில்லை. அதைப்பற்றி நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே தனியாக இருந்து அந்தச் செய்தியைக் கேட்ட நாளை எப்படிக் கழித்தார் என்று கேட்டிருக்கலாம். முதல் பனிக்காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் ரயருக்கும் கியர்பெட்டிக்கும் செலவழித்துவிட்டேன். இப்போது கேட்டால் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

“ஓம், போவம்,” என்று சொல்லி வாகனத்தைத் திருப்பினேன். வழியெல்லாம் அண்ணி அவருடைய கையைப் பிடித்திருந்தார்.

அவர்கள் போனபிறகு கூரையையும் கட்டில்களையும் கழற்றுவித்து, அடித்தட்டை வள்ளம் ஏற்றுவதற்கு எடுத்துக்கொண்டேன். அண்ணா இப்போது அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் அண்ணி ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் அவருக்கு மீசையில்லை. மீசையில்லாத அண்ணாவை நான் பார்த்ததேயில்லை. மீசையை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“கரண்டியால வாயில சாப்பாடு தீத்திறவைக்கு அது லேசாம், மச்சாள்,” என்றார் அண்ணி.