பட்டுப்புடவைக் கடையில் ஓர் இங்கிலீஷ் வகுப்பு

இன்று சித்தப்பாவின் பட்டுப்புடவைக் கடைக்குக் கல்யாணப் புடவை எடுக்க ஒரு பெண் வந்தார். கூடவே அவருடைய இங்கிலாந்துத் தோழி எம்மா. அவர் சும்மா உட்கார்ந்திருந்ததால் பேச்சுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கொரியா போகிறாராம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களை அந்த நாட்டு அரசே தேர்ந்தெடுத்துப் பள்ளிகளில் பாடம் நடத்த வைக்கிறதாம்.

“முன்னால் வகுப்பு எடுத்திருக்கிறீர்களா?”

“ஒருநாள்கூட இல்லை. நினைத்தாலே பயமாக இருக்கிறது.”

சித்தப்பாவிடம் தமிழில் சொன்னேன்.

“அதுக்கு ஏன் பேஜாரு? இங்கியே ஒருவாட்டி நடத்திப் பாக்கச் சொல்லு. நாங்க பசங்களா உக்காந்துக்கறோம்.”

எம்மா தயங்கித் தயங்கி முன்னால் வந்து நின்றார். உடனே கடையே எழுந்து, “குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ்” என்று இழுத்தது.

“ப்ளீஸ் சிட் டவுன்” என்றார்.

“ப்ளீஸ் சிட் டவுன்!” என்று நின்றபடியே கத்தினார்கள். மிஸ் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லித்தானே நமக்குப் பழக்கம்!

“நோ, நோ!”

“நோ, நோ!”

புடவை வாங்க வந்திருந்த ஓர் அம்மா, “பயப்படாதீங்க மிஸ்ஸு, அடிச்சாக்கூட வீட்ல சொல்ல மாட்டோம்” என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் எம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விரித்துக் கிடந்த புடவைகளைக் காட்டி, நிறங்களின் பெயர்களைக் கணீரென்று சொல்லிக்கொடுத்தார். கிளம்பும்போது, “இனிமேல் சமாளித்துவிடுவேன்” என்றார்.

எனக்குத்தான் இப்போது கவலை. கொரியாப் பிள்ளைகள் கத்தாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தால், வகுப்பில் ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைத்துவிடுவாரோ? அங்கே படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.