ராசிபுரம் தாண்டினால் திணறும் வண்டி

அந்த அம்பாசிடர் மூன்றாவது முறையாக என் பட்டறைக்குத் திரும்பி வந்த காலையிலிருந்து தொடங்குகிறேன். முப்பத்தைந்து வருடமாக நாமக்கல்லில் கார் மெக்கானிக் வேலை பார்ப்பவன் நான். சரிசெய்த வண்டிகளைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு கத்தை எழுதுவேன், எழுதும்போது மீசையையும் முறுக்கிக்கொள்வேன். இதை அப்படி எழுத முடியாது. நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என் மற்ற கதைகளைவிட இதுதான் உபயோகப்படும்.

வண்டி, ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் முத்துசாமி ஐயாவுடையது. அவருடைய அப்பா வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர். வீட்டில் புதுக் கார் இரண்டு நின்றாலும், நல்லது கெட்டதுக்கு ஐயா இதில்தான் போவார். ஓட்டுகிறவர் பழனி. இருபது வருடமாக அந்த வீட்டு டிரைவர். வண்டி துடைக்கும் துணியைக்கூடத் துவைத்து மடித்து வைக்கிற ஆள்.

புகார் இதுதான். ஊருக்குள் வண்டி அருமையாக ஓடும். ஆத்தூரில் இருக்கும் ஐயாவின் மகள் வீட்டுக்குக் கிளம்பினால், ராசிபுரம் தாண்டியதும் திணறத் தொடங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். பிறகு குலுங்கும். பிறகு நின்றே விடும். அதுவும் எல்லா நாளும் இல்லை. வழியில் பெட்ரோல் போட நிறுத்திய நாட்களில் ஒரு தொல்லையும் தராது.

முதல் தடவை பாயிண்ட், கண்டன்சர், பிளக் மாற்றினேன். இரண்டாம் தடவை கார்புரேட்டரை இறக்கி ஜெட்டுகளை ஊதி, பெட்ரோல் பம்பைப் பிரித்து டயாபிரம் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பைபாஸ் வரை டிரையல் போய் வருவேன். ஐந்து கிலோமீட்டர். வண்டி சொன்னபடி கேட்கும். ராசிபுரம் தாண்டி ஓட்டிப் பார்க்க எனக்குச் சோம்பல். கேட்டவர்களிடம் வேலை நெருக்கடி என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது முறை ஐயாவே கூட வந்தார். முந்தின நாள் ஆத்தூரில் பேத்தியின் நிச்சயதார்த்தம். வழியில் வண்டி நின்றுவிட்டதால், தட்டு மாற்றி முடித்த பிறகுதான் அவரால் போய்ச் சேர முடிந்தது.

"ஏப்பா மேஸ்திரி, உன்னால முடியலீன்னா முடியலீன்னு சொல்லிப்போடு. சேலத்துல கொண்டுபோயி காட்டிக்கறேன்" என்றார்.

பட்டறையில் வேறு வண்டிக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பழனி பக்கம் திரும்பினேன்.

"வண்டி நின்னதும் என்ன பண்ணுனே?"

பழனி ஒளிக்காமல் சொன்னார். "பானட்டத் தொறந்து பாத்தனுங்க. ஒண்ணும் புரியல. பெட்ரோல் இருக்குதான்னு பாக்கலாமுன்னு டேங்க் மூடியத் தொறந்தனுங்க. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்பறம் ஸ்டார்ட் பண்ணுனா நல்லா வந்துருச்சுங்க. போன வாட்டியும் இப்படித்தானுங்க. மூடியத் தொறந்தா சரியாயிருது."

தம்பிகளே, ஒரு வண்டியின் கோளாறை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. டேங்க்கில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்கு வெளிக்காற்று போயாக வேண்டும். அதற்காகவே மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அது அடைத்துக்கொண்டால், பம்பு உறிஞ்ச உறிஞ்ச டேங்க்குக்குள் வெற்றிடம் கட்டி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போய்ச் சரியாகிவிடும். இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று நான் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொண்டேன். இந்த ஆள் நடு ரோட்டில் டேங்க் மூடியைத் திறந்திருக்கிறார்.

"வழியில மூடியத் தொறக்கற வேல உனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். கேட்ட வேகத்தில் கார்புரேட்டரைத் திறந்து, அதில் விரலைத் தோய்த்து மோந்து பார்த்தேன்.

"மண்ணெண்ண வாசம் அடிக்குதுங்கய்யா. பெட்ரோல எடுத்துப்போட்டு இத ஊத்துனா வண்டி திணறாம என்ன பண்ணும்?"

வாசம் அடித்தது உண்மை. அன்று காலையிலிருந்து நான் மண்ணெண்ணெயில்தான் பார்ட்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். வாசம் இருந்தது என் விரலில். சொல்லும்போதே எனக்கு அது பாதி தெரிந்திருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

"ஐயா, நானுங்களா?" என்றார் பழனி.

ஐயா தணிந்த குரலில், "சாவியக் குடுத்துட்டுப் போ சாமி" என்றார். பழனி தோளில் கிடந்த துணியை மடித்து பானட்டின் மேல் வைத்தார். அதன் மேல் சாவியை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி வெளியூர் போகவில்லை. கோயிலுக்கும் கடைவீதிக்கும் ஐயாவே ஓட்டிக்கொண்டார். அந்தத் தூரத்துக்கு வண்டி எப்படித் திணறும்? "பாத்தியா, அவன் போனான், வண்டி சரியாயிருச்சு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வாடிக்கை வண்டிகளை எல்லாம் பட்டறையில் கழுவி, பானட், ஸ்டியரிங், நான்கு சக்கரம், டேங்க் மூடி என்று நானே பொட்டு வைப்பது வழக்கம். சந்தனத்தைக் கட்டைவிரலில் எடுத்து அம்பாசிடரின் மூடி அருகே கொண்டுபோனேன். அது கம்பெனி மூடி இல்லை. அசல் மூடி தொலைந்துபோனதால் நான் லேத்தில் கடைந்து வாங்கிப் போட்டது. நட்ட நடுவில் காற்றுத் துளை போட்டதும் நான்தான். துளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தது. போன வருடப் பூஜைக்கு வைத்த பொட்டு. மேலே இருந்தது கழுவிக் கழுவிப் போய்விட்டது. துளைக்குள் இறங்கியது கல்லாக இறுகிக் கிடந்தது. அந்தப் பூஜை முடிந்த மாதம்தான் திணறல் புகார் முதலில் வந்தது.

சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தி எடுத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். பிறகு பொட்டை மூடியின் ஓரத்தில் வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் பேத்தி கல்யாணத்துக்குப் புது டிரைவர் வண்டியை ஆத்தூர் வரை ஓட்டிப் போனார். ஒரு குலுக்கல்கூட இல்லை. பந்தியில் ஐயா என் தோளைத் தட்டி, "நம்ம மேஸ்திரி கை வெச்சா வண்டி பேசுமுங்க" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன்.

ஐயா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நானும் அவன ஒரு வார்த்த கேக்கலியேப்பா" என்றார். "நீயே போயி கூட்டிட்டு வா."

பழனி குடும்பத்தோடு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிபோயிருந்தார். அவர் மனைவி செல்வியின் ஊர். விசாரித்துக்கொண்டு போனேன். மெயின் ரோட்டில் மினி டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர், "வாங்க மேஸ்திரி, டீ சாப்பிடறீங்களா?" என்று அவரே முதலில் கேட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, சந்தனம், என் விரல். ஐயா கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன்.

"வேலைக்கு வரலீங்க" என்றார் பழனி. "நான் எடுக்கலீங்கறது எனக்குத் தெரியும். எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? ஊட்டுக்கு வாங்க. இத அப்படியே செல்விகிட்டச் சொல்லுங்க."

வீட்டில் செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது தடவையாகச் சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. அவர் பழனியைப் பார்த்தார்.

"அன்னிலருந்து நீங்க கழட்டிப் போடற சட்டைய எல்லாம் மண்ணெண்ண வாசம் அடிக்குதான்னு மோந்து பாத்துட்டுத்தான் தொவைக்கப் போட்டேன்" என்றார்.

"தெரியும் புள்ள" என்றார் பழனி.

மடித்த துணிகளைச் செல்வி திரும்பவும் எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

தம்பிகளே, ஓட்டுகிறவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். கோளாறு எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடம் வரை வண்டியை ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலை மோந்து பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.