வெளுக்காத சிவப்பு

பாறசாலையிலிருந்து அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அந்த ஆண் நர்ஸைப் பார்த்தேன். கனத்த உடம்பு, சதையோடு ஒட்ட வெட்டிய நகங்கள். அசையாமல் கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வர எவ்வளவு வாய்ப்பு என்று தினமும் கணக்கிட்டு எழுதுவது அவர் வேலை. அவர்களைப் புரட்டும்போதெல்லாம் தோலைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பார். அமுக்கிய இடம் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம்; வெளுத்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

மூன்றாம் நாள் அப்பாவின் இடுப்பில் ஒரு சிவப்பு. மூன்று தடவை அமுக்கினார், வெளுக்கவேயில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

அப்பாவின் இடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த தலையணையின் உறைக்குள் கையை விட்டேன். அம்மா மந்திரித்து வாங்கித் தந்த செப்புத் தகட்டை, தெய்வ காரியம்தானே என்று, முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் அங்கேதான் செருகியிருந்தேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இவருக்கு அபாயம் கொறவுண்ணு நேத்து எழுதினது நானாக்கும். எனக்க கணக்கு தப்பிப்போச்சு. மன்னிக்கணும், அண்ணா."

"சாரமில்ல" என்று நான் அவரை மன்னித்தேன்.