எல்லாருக்கும் ஆயிரத்துப் பதினைந்து

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் படிப்பு மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்துக்கு இரண்டே பாடங்கள்தான் பெரிய பாடங்கள். ஒன்று வயிறும் குடலும், இன்னொன்று சிறுநீரகம். இரண்டையும் நடத்தியவர் பெரிய டாக்டர். நடத்தினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்து வாசிப்பார். நாங்கள் பன்னிரண்டு பேரும் தலை நிமிராமல் எழுதுவோம். ஒருநாள் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதால் இரைப்பைப் புண்ணில் தொடங்கிய வாக்கியம் மூல நோயில் போய் முடிந்தது. அதையும் அப்படியே எழுதிக்கொண்டோம். பரீட்சையிலும் அப்படியே எழுதினோம், மார்க்கும் விழுந்தது.

காரம் கூடாது, எண்ணெய் கூடாது என்று அவர் வாசிக்கும்போதே வராந்தாவில் அவர் வீட்டு டிபன் காரியர் வந்து இறங்கும். மிளகுக்கோழி வாசனை வகுப்பு முழுக்கப் பரவும். வாசித்து முடித்ததும் வெள்ளை மருந்தை இரண்டு மூடி குடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு சாப்பிடப் போவார். எங்களுக்கு ஹாஸ்டல் சாம்பார். அதைத் தினமும் சாப்பிட்டவர்களுக்குச் செரிமானக் கோளாறு பற்றித் தனியாக ஒரு பாடம் தேவையே இல்லை.

சிறுநீரகப் பாடத்தில் எனக்குப் பெரிய பெயர். காரணம், படம். சிறுநீரைப் பிரிக்கும் நுண்குழாய் வளைந்து நெளிந்து போவதை நான் சிக்குக்கோலம் போடுகிற மாதிரி கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடுவேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

வார்டில் எங்கள் வேலை, நீர் பார்ப்பது. சிறுநீரக நோயாளி ஒரு நாளில் எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனார் என்று சீட்டில் எழுத வேண்டும். போன நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி அதில் தக்கை மாதிரி ஒரு சின்னக் கருவியை மிதக்கவிட்டு, நீரின் கனத்தைப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் ஆயிரம் காட்டும். உப்பும் கழிவும் சேரச் சேர எண் ஏறும். பாடம் இவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு முந்தின வருஷத்து அக்காமார்கள் இதைவிடச் சுலபமான வழி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மிதக்கவிடவே வேண்டாம், ஆயிரத்துப் பதினைந்து என்று எழுதிவிட்டால் போதும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எந்த டாக்டரும் கேள்வி கேட்காத எண் அது. மிராசுதார் நீரும் கொத்தனார் நீரும் எங்கள் வார்டில் ஒரே கனம். நாட்டில் சமத்துவம் வந்த ஒரே இடம் அதுதான் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். என் அப்பா தச்சு வேலை செய்தவர், நூலளவு பிசகினாலும் கதவு நிலையைக் கழற்றி மறுபடி இழைப்பவர். அவர் மகளான நான் அளக்காமலே எழுதினேன்.

அப்படி இருக்கும்போது நாச்சியாபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். முகமும் காலும் வீங்கி, கண் சின்னதாகிப் போயிருந்தது. நீர் சரியாகப் போகவில்லை. டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார்: நேற்று எவ்வளவு போனாரோ அதோடு அரை லிட்டர் சேர்த்து இன்றைக்குக் குடிக்கலாம், ஒரு வாய் கூடக் கூடாது. கூடினால் நெஞ்சில் நீர் கட்டும், உயிருக்கே ஆபத்து. போகிற நீரைச் சேர்த்து வைக்கக் கட்டிலுக்கடியில் ஒரு பெரிய புட்டி வைத்தோம். அவருடைய மனைவி துணைக்கு இருந்தார்.

முதல் நாள் காலையில் புட்டியில் அடி மறைகிற அளவுதான் நீர் இருந்தது. வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அத்தனை கட்டிலுக்கும் கேட்கும்படி வைதார்.

"எங்கே கொட்டினே? ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதானா போகும்? புட்டியைக்கூட ஒழுங்கா பார்த்துக்கத் தெரியலை, இதுல நர்ஸாம்."

நோயே அதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிஸ்டருக்குப் பதில் சொன்ன பெண் ஒருத்தி அந்த வருஷம் பாதியிலேயே வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் புட்டி பாதி நிறைந்திருந்தது. அதற்கு மறுநாள் முக்கால். சிஸ்டர் முகத்தில் திருப்தி. நான் அளவை எழுதி, பக்கத்திலேயே ஆயிரத்துப் பதினைந்து என்றும் எழுதினேன். சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் கணக்குப்படி குடிக்கிற தண்ணீரும் ஏறிக்கொண்டே போனது. நோயாளிக்கு அதில் சந்தோஷம், சொம்பைக் கீழே வைக்கவில்லை. எடை பார்த்திருந்தால் உடம்பில் நீர் ஏறுவது தெரிந்திருக்கும். ஆனால் எடை மெஷின் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் அது ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது.

நான்காம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். வீக்கம் தொடை வரை ஏறிவிட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"நீர் நல்லாப் போகுது. ஆனா வீங்குறான். புத்தகத்துல இப்படி ஒண்ணு இல்லையே." பிறகு குரலைத் தாழ்த்தி சிஸ்டரிடம், "மெட்ராஸுக்கு எழுதிப் பார்க்கலாம். புது வியாதியா இருந்தாலும் இருக்கும்" என்றார். அவர் முகத்தில் கவலையும் இருந்தது, கொஞ்சம் ஆசையும் இருந்தது. போகும்போது என் எண்களில் விரலை வைத்து, "கனமும் சரியாத்தானே இருக்கு" என்றார்.

அவர் போனதும் புட்டியை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கருவியை அந்த வருஷத்தில் முதல் தடவையாக மிதக்கவிட்டேன். அது மிதக்கவில்லை, இறங்கி இறங்கி அடியைத் தொடப் போனது. ஆயிரத்து இரண்டு. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பே வேண்டாம். புட்டியில் இருந்தது குழாய்த் தண்ணீர்.

அந்த அம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"ஆமா தாயி, நாந்தேன் ஊத்துனேன். கொஞ்சமாப் போனதுக்கு ஒன்னையப் போட்டு அந்தம்மா அந்த வையி வைஞ்சாகளே. நீ கண்ணு கலங்கி நின்னியா, எனக்கு மனசு கேக்கல. எம்மக வயசு ஒனக்கு. இங்குட்டுக் குழாயிலதேன் பிடிச்சேன், நல்ல தண்ணிதேன்."

டாக்டரிடம் ஓடினேன். குடிப்பதை நிறுத்தினார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் உயிர் இங்கேயா அங்கேயா என்று இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை. அவர் பிழைக்க வேண்டும் என்றும் வேண்டினேன், பழைய சீட்டை யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது என்றும் வேண்டினேன். எதை முதலில் வேண்டினேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

சாமி இரண்டையும் கொடுத்தார். சிஸ்டர் மட்டும் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிய புட்டி எப்படி ஆயிரத்துப் பதினைந்து காட்டும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. சீட்டை மடித்து ஃபைலில் வைத்து, ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் என்னை வையவே இல்லை.

டாக்டர் வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசிய ஒரே நாள் அது. "கனம் பார்க்கிற வேலையை இவ ஒருத்தி ஒழுங்காச் செஞ்சதால ஒரு உயிர் பிழைச்சிருக்கு" என்றார். வகுப்பில் மற்ற பதினொரு பேருக்கும் உண்மை தெரியும். பதினொரு பேரும் கை தட்டினார்கள். பின்னே, அவர்களும் அதே எண்ணைத்தானே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்குத்தான் எல்லாம் விழுந்தது. டாக்டர் வார்டின் நடுவில் நிறுத்தி, புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்றார். பக்கத்துக் கட்டில் ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்து நின்றார். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். யாருக்காக ஊற்றினேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று புருஷனை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு மறுபடி வார்டுக்கு வந்தார். அதுவரைக்கும் என்னை ஒருமையில் அழைத்தவர், அன்றைக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் எட்டு தள்ளியே நின்றார்.

"படிக்காத சிறுக்கி, தெரியாமச் செஞ்சுபுட்டேன். நீங்க கண்டுபிடிக்கலையின்னா எந்தாலி எறங்கியிருக்கும். என்னைய மன்னிச்சுக்கிருங்கம்மா" என்று கை கூப்பினார்.

நான் வெள்ளை யூனிஃபாரத்தில் நிமிர்ந்து நின்று, "சரி சரி, இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்று சொல்லி அவரை மன்னித்தேன்.